பழகிய கால் பதறாது

மலையேறப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாதக்கணக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிற இளைஞர்கள் இன்று ஏராளம். பல ஆயிரம் ரூபாய்க்கு ஷூ, அதற்கு மேல் விலையில் முதுகுப்பை, நெற்றியில் கட்டிக்கொள்ள டார்ச், கத்தி, காம்பஸ். எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும். கிளம்புகிற நாள் மட்டும் வராது. கேட்டால், "இன்னும் ஒண்ணு ரெண்டு சாமான் பாக்கி" என்பார்கள். தம்பி, எது பாக்கி என்று நான் சொல்லட்டுமா? உன் கால்மேல் உனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அதை எந்தக் கடையிலும் பில் போட்டுத் தரமாட்டார்கள்.

1971 டிசம்பர் 24. பெரு நாட்டின் லிமாவிலிருந்து புகால்பாவுக்குப் பறந்துகொண்டிருந்த லான்சா 508 விமானம் இடிமின்னலில் சிக்கி நடுவானில் சிதறியது. உள்ளே இருந்தவர்கள் 92 பேர். யூலியானே கெப்கே என்ற 17 வயதுப் பெண், பெல்ட் போட்ட இருக்கையோடு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேசான் காட்டுக்குள் விழுந்தாள். நினைவு திரும்பியபோது மறுநாள் காலை. காறையெலும்பு முறிந்திருந்தது. கையில் ஆழமான வெட்டு. கிட்டப்பார்வைக்காரியான அவளுடைய மூக்குக்கண்ணாடியைக் காணோம். ஒரு கால் செருப்பும் போய்விட்டது. உடம்பில் ஒரு மெல்லிய கவுன். தின்பதற்குக் கிடைத்தது ஒரு சிறு பை மிட்டாய்.

நம் பட்டியலில் இருக்கிற ஒரு சாமான்கூட அவளிடம் இல்லை. ஆனால் அவளுடைய அப்பாவும் அம்மாவும் விலங்கியல் ஆய்வாளர்கள். காட்டுக்குள் அவர்கள் அமைத்திருந்த பாங்குவானா என்ற ஆய்வு நிலையத்தில் ஒன்றரை வருடம் போல வளர்ந்தவள் அவள். வழி தப்பினால் தண்ணீரைத் தேடு, சிற்றோடை ஆற்றுக்குப் போகும், ஆறு மனிதர்களிடம் போகும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஓடையைக் கண்டுபிடித்தாள், அதோடு நடந்தாள். மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை மாட்டிய காலையே முதலில் எடுத்து வைத்தாள், பாம்பு இருந்தால் அந்தக் கால் தாங்கட்டும் என்று. திருக்கைமீன்கள் கரையோர ஆழமில்லாத நீரில் பதுங்கும் என்பது தெரிந்ததால், குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள். ஹோவாட்ஸின் என்றொரு பறவை. திறந்த நீர்நிலைகளின் ஓரத்தில்தான் கூடு கட்டும். அதன் குரல் காதில் விழுந்ததும், பெரிய ஆறு பக்கத்தில்தான் என்று அவளுக்குப் புரிந்துபோனது. ஒரு பறவைக் குரலை அடையாளம் கண்டது அன்று ஒரு உயிரைக் காப்பாற்றியது!

கையில் இருந்த காயத்தில் புழு வைத்துவிட்டது. ஆற்றோரம் கிடந்த ஒரு படகின் பெட்ரோலை எடுத்துக் காயத்தில் ஊற்றிப் புழுக்களை வெளியேற்றினாள். வீட்டு நாய்க்கு அப்பா இப்படிச் செய்ததை அவள் பார்த்திருந்தாள். பதினோராவது நாள் மரம் வெட்டுகிறவர்கள் அவளைக் கண்டார்கள். அந்த 92 பேரில் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். பின்னாளில் உயிரியல் படித்து, அதே காட்டுக்குத் திரும்பிப்போய் வௌவால்களை ஆராய்ந்தாள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அதிர்ஷ்டக்காரி என்பார்கள். விழுந்தும் சாகாமல் இருந்தது அதிர்ஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். பதினோரு நாள் நடந்தது அவளுடைய சம்பாத்தியம். அந்தச் சம்பாத்தியத்தைத்தான் நீயும் சேர்க்க வேண்டும் என்கிறேன்.

அதற்காக, அவளுடைய பாடத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்துவிடாதே. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் சட்டென்று செங்குத்துப் பாறை வரும். ஓடை அருவியாகக் கொட்டும். நீ அங்கே மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் நிற்பாய். நீ எங்கே போனாய் என்று வீட்டுக்குத் தெரியும் என்றால், வழி தப்பிய உடனே நின்றுவிடு. உட்கார். இரண்டு மடக்குத் தண்ணீர் குடி. பதற்றத்தில் ஓடுகிற அரைமணி நேரம் தேடி வருகிறவர்களுக்கு அரை நாளாகிவிடும். விசிலை மூன்று முறை ஊது, இடைவெளி விட்டு மறுபடி மூன்று முறை. அது பல இடங்களில் தெரிந்த ஆபத்துக் குறி. பத்து இருபது ரூபாய் விசில்! தொண்டை கட்டிய பிறகும் அது கூப்பிடும்.

தன்னம்பிக்கைக்கும் தலைக்கனத்துக்கும் உள்ள தூரத்தை மலை சீக்கிரம் அளந்து காட்டிவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். நம் பிள்ளைகள். கோடையில் காய்ந்த புல்லில் தீ காற்றோடு ஓடும், மேட்டை நோக்கி இன்னும் வேகமாக ஓடும். தீக்காலத்தில் வனத்துறை பாதையை மூடினால் வாதாடாதே, திரும்பி வா. யானைச் சாணம் சூடாகக் கிடந்தால் திரும்பு. பக்கத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டாலும் திரும்பு. திரும்பி வரத் தெரிந்தவனைத்தான் நான் வீரன் என்பேன்.

சாமான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவோடு வாங்கு, வாங்கியதைப் பழகு. ஷூவைச் சாயங்காலம் போய் வாங்கு. நாள் முழுக்க நடந்த பாதம் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும். நுனியில் ஒரு விரல் இடம் விடு. இரண்டு வாரம் அதைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போ, மாடிப்படி ஏறு. மலையிலிருந்து இறங்கும் முன்னால் கணுக்காலைச் சுற்றி ஷூ லேஸை இழுத்துக் கட்டு. இல்லாவிட்டால் கட்டைவிரல் ஷூவின் நுனியில் முட்டி முட்டி நகம் கறுத்துப்போகும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்த பருத்தி காயாமல் ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும், நீலகிரிக் குளிரில் அது உயிருக்கே உலை. பையின் கனம் தோளில் தொங்காமல் இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். மழைக்கோட்டு, டார்ச்சுக்கு மாற்று பேட்டரி, தீப்பெட்டியைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை. இதற்கு மேல் கனக்க ஆரம்பித்தால் எதையாவது வெளியே எடுத்து வை.

வெள்ளியங்கிரிக்குப் போய்ப் பார். அடிவாரத்தில் ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு ஏழு மலையையும் வெறுங்காலோடு ஏறி இறங்குகிற வயதானவர்களைப் பார்க்கலாம். மூச்சு வாங்கினால் நிற்கிறார்கள், பிறகு நடக்கிறார்கள். யாரோடும் போட்டி இல்லை. வருடா வருடம் வருகிற அந்தக் கால்களுக்கு எந்தப் படி ஆடும், எங்கே வழுக்கும் என்று தெரியும்.

தங்கச்சி, உனக்கும்தான் சொல்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு மலை எதுக்கு" என்று கேட்கிறவர்களிடம், விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023-இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றதைச் சொல். தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன முதல் பெண் அவர்.

உன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கும். அதில் தொடங்கு. அடுத்த வாரம் அதே குன்று, முதுகில் ஐந்து கிலோ. ஒரு மாதம் கழித்து வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளில் எளிதான ஒன்றுக்குப் பதிவு செய். 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் அது. வழிகாட்டியாக வருகிற மலைக்கிராமத்து அண்ணனை விட்டு நகராதே. இது என்ன தடம், இது எந்தப் பறவை, கருமந்தி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டுக்கொண்டே நட. அவர் சொல்வதை ராத்திரி நோட்டில் எழுது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில நாள்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வை. இரண்டு லிட்டர் தண்ணீர், விசில். எங்கே போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு.