தேசப்படத்தில் ஒரு நிறம்

தேசப்படத்தில் ஒரு ஜில்லாவுக்கு நோயின் நிறத்தைப் பூசிவிட்டால், அங்கே வாழ்கிறவர்களுக்கு அது அவமானமா? யானைக்கால் நோயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் மனத்தில் எழுகிறது. காஞ்சிபுரம் ஜில்லாவுக்கு அந்த நிறம் நெடுங்காலம் இருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில், வேட்டியைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு திண்ணையோரமாக நடக்கும் பெரியவர்களைக் கண்டவர்களுக்கு அதன் பொருள் புரியும்.

நோய்க்கு இடம் குறிப்பதிலும் குற்றவாளியைத் தேடுவதிலும் மனிதர்கள் கெட்டிக்காரர்கள். ஐரோப்பியர் இதற்குப் 'பார்படாஸ் கால்' என்று பெயர் சூட்டி ஒரு தீவையே காலாக்கிவிட்டார்கள். 1596ல் வெளிவந்த தம் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்கே கால் இப்படி வீங்குகிறது என்ற கதையை எழுதிவைத்தார். அந்தக் கொலை நடந்ததாகச் சொல்லப்படும் இடம் நம் மயிலாப்பூர்ப் பக்கந்தான். கொசு கடித்ததற்குக் கொலைப் பழி!

1877ல் சீனத்து அமோய் நகரில் பாட்ரிக் மான்சன் என்ற டாக்டர், இந்நோயின் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். அந்தப் புழுக்களுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். நடுநிசியை ஒட்டித்தான் ரத்தக் குழாய்களில் வெளிக்கிளம்பும். ஆகவே சுகாதார ஊழியர்கள் ஊர் உறங்கும் வேளையில் கதவைத் தட்டி, விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. உலகப் படத்தின் நிறங்கள் இப்படித்தான், தூக்கக் கலக்கத்தில் நீட்டிய விரல்களிலிருந்து வந்தன. நூற்றுக்கு ஒருவரிடம் புழு இருந்தாலே போதும், வட்டாரம் முழுவதற்கும் நிறம் பூசிவிடுவார்கள்.

மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் இது அநீதி அல்லவா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், ஒரு செய்தி தெரியாமல் இருந்திருந்தால். கால் பெருத்தவரின் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருப்பதில்லை! நிணநீர்க் குழாய்களைப் புழு பாழாக்கியதன் விளைவு மட்டுமே அந்த வீக்கம். கொசுவுக்குப் புழுவை வழங்குகிறவரோ, பளிச்சென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தமக்கே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறவராக இருக்கலாம். நாம் யாரைக் கண்டு ஒதுங்கினோம்? யாரோடு சம்பந்தம் பேசினோம்?

சம்பந்தம் என்றதும் நினைவு வருகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாத வாரியத்தாரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது. பொதுப் பணத்துக்கு அந்தக் கண்டிப்பு தகும். ஆனால் தாய்க்குக் கால் வீங்கியதென்று மகளைப் பெண் கேட்காமல் போனார்களே, அது எந்தக் கல்வெட்டில் இருந்த விதி? தேசப்படம் அந்தக் கொடுமையைச் செய்யவில்லை. ஒரு காலில் இருந்த பழியை எடுத்து ஊர் முழுவதற்கும் பங்கு போட்டுவிட்டது.

பங்கு என்றால் கசப்புந்தான். 2004 முதல் நம் நாட்டில் நோயுள்ள ஜில்லாக்களில், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் தவிர எல்லோருக்கும் வருஷம் ஒருமுறை மாத்திரை கொடுக்கும் முயற்சி நடந்தது. "எனக்குத்தான் ஒன்றுமில்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?" என்று கேட்டவர்கள் உண்டு. மாத்திரைக்குப் பின் காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தவர்கள் மருந்தைத் திட்டினார்கள். உள்ளே புழு மடிவதால்தான் பெரும்பாலும் அந்தக் காய்ச்சல் என்பதை அவர்களுக்கு யார் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள்? கேட்டவனைப் பரிகசிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கொசு வளர்வது தேங்கிய சாக்கடையில். அதை அப்படியே விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் நீட்டினால் அவன் கோபம் நியாயமே. என்றாலும் அண்டை வீட்டுக் குழந்தைக்காக ஒரு மாத்திரை விழுங்குவது அப்படியொன்றும் பெரிய தியாகமில்லை.

இலங்கை 2016ல் தன் படத்திலிருந்து அந்த நிறத்தைத் துடைத்துவிட்டது. ஆனால் முற்றிப் பெருத்த கால் மாத்திரையால் வற்றுவதில்லை. அதைத் தினந்தோறும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் மெல்லிய துணியால் ஒற்றி, உட்காரும்போது உயர்த்தி வைக்க வேண்டும். வயதானவர்களுக்குத் தம் கால்வரை குனிய முடிவதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கழுவிவிட வேண்டியிருக்கிறது.