ஸங்கல்பத்தில் எந்த ஊர்?

பூஜையின் தொடக்கத்தில் செய்யும் ஸங்கல்பத்தில் நாம் இருக்கும் இடத்தையும் காலத்தையும் சொல்கிறோம். ஜம்பூத்வீபம், பாரத வர்ஷம் என்று இடம். அயனம், ருது, மாதம், திதி என்று காலம். பிட்ஸ்பர்க்கிலோ சிட்னியிலோ அமர்ந்து பூஜிப்பவர் இவற்றை அப்படியே சொல்லலாமா?

மந்திரத்தை மாற்றலாகாது என்பர் சிலர். வேத மந்திரத்திற்கு அது பொருந்தும். ஸங்கல்பமோ ஆளுக்கும் நாளுக்கும் ஏற்ப மாறுவது; கோதாவரியின் தென்கரையில் ஒன்று, வடகரையில் வேறொன்று. மேலும், ‘இன்னார், இங்கே, இப்போது இதைச் செய்கிறேன்’ என இறைவன் திருமுன் செய்யும் உறுதிமொழி அது. உறுதிமொழியின் முதற்சொல்லே உண்மைக்குப் புறம்பானதாக இருக்கலாமா?

அமெரிக்காவில் புரோகிதர் பலர் ஜம்பூத்வீபத்திற்குப் பதிலாக க்ரௌஞ்சத்வீபம் என்கின்றனர். நோக்கம் நன்றே. ஆயினும் புராணம் கூறும் ஏழு தீவுகளுள் அமெரிக்கா எது என்று எதைக்கொண்டு நிறுவுவது? ஊகத்தைவிட ஊர்ப்பெயரே மேல். பிட்ஸ்பர்க்கில் அலகேனி, மொனோங்கஹேலா ஆகிய இரண்டு ஆறுகள் கூடி ஒஹையோ ஆறாகின்றன. அச்சங்கமத்தையே சொல்லலாமே! தான் நீரருந்தும் ஆற்றின் பெயர் பூஜையில் ஒருநாளும் வராவிட்டால், அங்கே பிறந்த குழந்தை கடவுள் தன் தாத்தாவின் ஊரில் மட்டுமே இருப்பதாக எண்ணாதா?

திதியில் குழப்பமில்லை, அந்தந்த ஊரின் சூரியோதயத்திற்குக் கணித்த பஞ்சாங்கங்கள் கிடைக்கின்றன. ருதுதான் சிக்கல். சித்திரையில் ‘வஸந்த ருது’ என்கிறோம். சிட்னியில் அப்போது இலையுதிர் காலம். அயனம் சூரியனின் போக்கைக் குறிப்பதால் எங்கும் ஒன்றே. ருதுவோ நிலத்தைச் சார்ந்தது. எனவே அங்கு ‘சரத் ருது’ என்று சொல்வதே முறை என்பது என் கருத்து. சாஸ்திரமறிந்த பெரியோர் பலர் இதை ஏற்கமாட்டார்கள்.