கருணாபுரத்துக்குக் கொடுத்தது தகுமா?

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. 65-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய், சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 50,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. சாவு வீட்டின் பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே ஊரெல்லாம் ஒரு கேள்வி கிளம்பிவிட்டது: குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?

தேநீர்க் கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் கேட்ட இந்தக் கேள்வி பொதுநல வழக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது. பட்டாசு ஆலை வெடித்துக் கருகியவரின் குடும்பத்துக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. உழைத்துச் செத்தவனுக்குக் கொஞ்சம், குடித்துச் செத்தவனுக்கு அதிகமா என்று கேட்டார்கள். வரி கட்டுபவரின் பணத்தை இப்படி வாரி இறைக்கலாமா என்றும் கேட்டார்கள்.

கொடுத்தது சரிதான். அறத்தின் தராசில் எப்படி நிறுத்தாலும் அது சரிதான். குறை சொல்வதானால், கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அரசு கையைக் கழுவிக்கொண்டதைத்தான் சொல்ல வேண்டும்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பது எந்த அறநூலும் மறுக்காத விதி. யாரும் வாயைப் பிளந்து ஊற்றவில்லை என்பதும் உண்மை. நிவாரணம் குடிக்கு ஊக்கமாகிவிடும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. ஆனால், நிவாரணத்தை எண்ணி நஞ்சைக் குடித்தவர் என்று ஒரே ஒருவரை யாராவது காட்ட முடியுமா? பட்டாசுத் தொழிலாளியின் குடும்பத்துக்குக் குறைவாகக் கொடுப்பது அநீதிதான். அதற்குப் பரிகாரம் அந்தத் தொகையை உயர்த்துவது. கருணாபுரத்து விதவையின் கையிலிருப்பதைப் பிடுங்குவது எப்படிப் பரிகாரம் ஆகும்?

கருணாபுரத்தில் அன்று குடித்தவர்களின் உடலுக்குள் என்ன நடந்தது என்பது தெரிந்தால் இந்தக் கோபத்தில் பாதி ஆறிவிடும். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். அதுவும் தொடக்கத்தில் சாதாரண மதுவைப்போலவே போதை தரும். மணத்தை வைத்தோ ருசியை வைத்தோ குடிப்பவரால் பிரித்தறிய முடியாது. குடித்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கியும் விடுவார். அதற்குள் கல்லீரல் அந்த மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றி, பிறகு ஃபார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் அந்த அமிலம் தடுக்கிறது. கண் நரம்பை முதலில் தாக்குகிறது. பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும்போதுதான் ஏதோ தவறு என்றே தெரிகிறது. போதைக்குச் சம்மதித்து 50, 60 ரூபாய் கொடுத்தவர் சாவுக்குச் சம்மதித்தார் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

நல்ல மது என்று சொல்லப்படுவதும் மூளையைச் சும்மா விடுவதில்லை. நரம்புகளின் வேகத்தை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. இன்பத்தை உணர்த்தும் டோபமினைச் சுரக்க வைக்கிறது. எது தகும், எது தகாது என்று எடைபோடும் முன்மூளையைத் தளர்த்திவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பிறகு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்கு வலிப்பு வந்து உயிரே போகும். காலையில் எழுந்ததும் நடுக்கம் நிற்பதற்காக ஒரு கட்டிங் தேடி ஓடும் கொத்தனாரிடம் கொண்டாட்டம் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் மதுச் சார்பை நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. நோயாளி இறந்தால் அவருடைய குடும்பத்தைப் பார்த்து, நன்றாக வேண்டும் என்று சொல்லும் வழக்கம் வேறெந்த நோய்க்கும் இந்த நாட்டில் இல்லை.

வள்ளுவரைத் துணைக்கு அழைத்துக் குடிகாரரை ஏசுபவர்கள் உண்டு. கள்ளுண்ணாமை அதிகாரத்தில் வள்ளுவர் கடுமையாகத்தான் பேசுகிறார்; கள் குடிப்பவரை நஞ்சு குடிப்பவரோடு ஒன்றாகவே வைக்கிறார். ஆனால், அந்த 93-வது அதிகாரம் எங்கே இருக்கிறது என்று ஏசுபவர்கள் பார்ப்பதில்லை. தனிமனித ஒழுக்கம் பேசும் அறத்துப்பாலில் அது இல்லை. அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பொருட்பாலில் இருக்கிறது. அதற்கு அடுத்தது சூது. அதற்கும் அடுத்தது மருந்து. குடியை நாட்டின் கேடாகக் கண்டவர், இரண்டு அதிகாரம் தள்ளி நோயின் வேரைத் தேடி வைத்தியம் செய்யச் சொல்கிறார். போதையில் இருப்பவனுக்குக் காரண காரியம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதும் அவர் வாக்குதான். அப்படியானால் காரண காரியம் தெரிந்தவர்களின் தலையில்தான் பொறுப்பு அதிகமாக விழும்.

அந்தப் பொறுப்பில் முதற்பங்கு அரசுக்கு. அதிகாரத்தைக் காட்டிக் குடிகளிடம் பொருள் கேட்கும் மன்னனையும் வேலோடு வழிமறிக்கும் கள்வனையும் கொடுங்கோன்மை அதிகாரம் ஒரே தட்டில் வைக்கிறது. பாண்டியன் அறிவுடை நம்பியிடம் பிசிராந்தையார் போய்ச் சொன்ன புறநானூற்று அறிவுரையும் இதுவே: முறையறிந்து வரி கொள்ளாத அரசு வயலுக்குள் புகுந்த யானை, தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன்மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். போடவில்லை. தன் ஆட்சியில் நடந்த பிழையைத் தன் தலையில் ஏற்று அரியணையிலேயே உயிரை விட்டான்.

கருணாபுரம் கண்காணாத காட்டில் இல்லை. கள்ளக்குறிச்சி நகருக்குள், காவல் நிலையமும் நீதிமன்றமும் அருகிலேயே இருக்கும் இடம். அங்கே சாராயம் விற்றது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. ஓராண்டு அவகாசம் இருந்தும் பாடம் படிக்கவில்லை. முதல் சாவுகள் விழுந்தபோது சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகத் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. எச்சரிக்கை ஒலிக்க வேண்டிய நேரத்தில் மறுப்பு ஒலித்தது. பிறகு ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. காவல் தவறியதால் விழுந்த பிணத்துக்கு அரசு தருவது பிச்சை அல்ல. அது தண்டம். தவறியவர் கட்ட வேண்டிய தண்டம்.

வரிப் பணம் என்ற வாதத்தையும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2023-24-ஆம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். கடைகள் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகின்றன. அப்படியென்றால் மணிக்கு ஏறத்தாழ பன்னிரண்டரைக் கோடி. கருணாபுரத்துச் சாவுகளுக்குக் கொடுத்தது ஆறரைக் கோடிக்குச் சற்று மேல். ஏறத்தாழ அரைமணி நேர வருவாய்! மது கேடு என்று புட்டியில் அச்சிட்டுவிட்டு அதே புட்டியை விற்கும் கல்லாப்பெட்டியில்தான் அந்தப் பணம் பிறந்தது. அந்தக் கல்லாவில் கருணாபுரத்துக் கூலித் தொழிலாளியின் பணமும் பல காலம் விழுந்திருக்கும். குவார்ட்டரின் குறைந்த விலை 140 ரூபாய் ஆகிவிட்ட பிறகு, அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைத்த பாக்கெட்டை அவர் தேடிப் போனார். பழக்கியவர் ஒருவர், கொன்றவர் இன்னொருவர் என்று பிரித்துப் பேசினாலும் பழக்கியவரின் கணக்கு தீர்ந்துவிடாது.

இந்தக் கல்லாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது. சில ஆண்டுகளில் திரும்பியது. 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. மது வருவாய்க்கு மாற்றாக வந்த விற்பனை வரி போகவில்லை. மதுவும் திரும்பி வந்துவிட்டது. கட்சி எதுவானாலும் கடையை மூட மனம் வரவில்லை.

நிவாரணம் மறுத்த மாநிலத்தின் அனுபவமும் கண்முன் இருக்கிறது. பீகாரில் 2016 முதல் முழு மதுவிலக்கு. 2022 டிசம்பரில் சரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயம் பலரைக் கொன்றது. குடித்தால் சாகத்தான் வேண்டும், இழப்பீடு கிடையாது என்று முதல்வர் நிதிஷ் குமார் கடுமையாகப் பேசினார். அந்தக் கடுமையால் சாவு நின்றதா? நான்கே மாதத்தில் மோதிஹாரியில் மீண்டும் பிணங்கள் விழுந்தன. அதே முதல்வர் அப்போது மனம் மாறி, 2016 முதல் இறந்த எல்லோருடைய குடும்பத்துக்கும் தலா 4 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். இறந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள் என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கருணாபுரத்தில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய், படிப்புச் செலவு என்று அரசு அறிவித்தது. குடித்தவனுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பிள்ளைகளின் பக்கம் ஒருமுறையாவது திரும்ப வேண்டும். இறந்தவருக்கு இனிப் பணம் எதற்கு? அது போய்ச் சேர்வது, கணவன் குடியில் தொலைத்த கூலியை ஆண்டுக்கணக்கில் கூட்டிக் கழித்துக் குடும்பம் நடத்திய பெண்ணிடம். உயிரோடு இருந்தவரை அடி வாங்கியவர் அவர்; செத்த பிறகும் அவரையே தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? நகரத்து விடுதியில் கண்ணாடிக் கோப்பையில் குடித்துக் கல்லீரல் கெட்டவர் மருத்துவமனையில் படுத்தால் பழத்தட்டோடு பார்க்கப் போகும் சமூகம், சேரியில் பாக்கெட் குடித்தவரை மட்டும் அவன் இவன் என்கிறது. இந்த ஏளனத்துக்குள் சாதியும் வர்க்கமும் ஒளிந்திருப்பதை நெஞ்சைத் தொட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். பழந்தமிழர் கள்ளை அப்படி ஏளனம் செய்யவில்லை. அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய கையறுநிலை, கள்ளைத் தன்னோடு பகிர்ந்த அவனது அன்பையே முதலில் நினைத்து அழுகிறது. கள்ளுண்ணாமைக்கென்று தனிப் பகுதியே வைத்த திருமூலரும் உயிர்களிடம் அன்பையே பேசினார்.

இந்த வழக்கில் மணிமேகலையைவிட நல்ல சாட்சி கிடையாது. நாகர் நாட்டில் கரையொதுங்கிய சாதுவனுக்கு அவர்களின் தலைவன் கள்ளும் ஊனும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுக்கிறான், ஏன் கூடாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்கிறான். அவன் யார்? கணிகையிடமும் சூதிலும் கைப்பொருளைத் தொலைத்தவன். வீழ்ந்து எழுந்தவன் வாயில் நூலாசிரியர் சாத்தனார் அறத்தை வைத்தார். அதே காப்பியத்தில் மணிமேகலை சோழனிடம் கேட்ட வரமும் நினைக்கத்தக்கது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரச் சொன்னாள், அரசனும் தந்தான்.

கருணாபுரத்துக்குப் பிறகு சட்டமன்றம் 2024 ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. கள்ளச்சாராயம் விற்று உயிர்ப்பலி நேர்ந்தால் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம். விற்றவருக்கு அது வேண்டியதுதான். ஆனால், குடியிலிருந்து மீளத் துடிப்பவருக்குச் சிறையும் உதவாது, ஏச்சும் உதவாது. 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். மதுச் சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடி. மதுச் சார்பு நோய் உள்ளவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரை வீடும் ஊரும் திட்டித் திருத்திவிடலாம் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன.

டாஸ்மாக் வருவாயில் நூற்றுக்கு ஒரு ரூபாயை மீட்புச் சிகிச்சைக்கென ஒதுக்கினாலே, 2023-24 கணக்கின்படி ஆண்டுக்கு 458 கோடி ரூபாய் வரும். 38 மாவட்டங்களுக்கும் பிரித்தால் மாவட்டத்துக்கு 12 கோடி. அரசு மருத்துவமனை தோறும் படுக்கையும் மனநல மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் வைக்க அது போதாது என்று சொல்ல முடியாது. பத்து லட்சம் எதற்கு என்று கேட்டவர்கள், அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் இந்த ஒரு ரூபாயைக் கேட்கட்டும்.