கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு



பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பெட்டி கட்டும் காலம் இது. விடுதியில் முதல் நாளே சிலர் "நீ என்ன ஆளு?" என்று கேட்பார்கள். பிள்ளை தலைகுனிய வேண்டாம். எளிய சாதியார் தலையில் முண்டாசு கட்டக்கூடாது என்றிருந்த திருவிதாங்கூரில், தலைப்பாகையோடு வணங்கச் சொன்னவர் அய்யா. சுவாமிதோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளித்தார்கள். ஆகவே அந்தக் கேள்வியை நம் பிள்ளையும் பிறரிடம் கேட்கலாகாது. இதைச் சொல்லி அனுப்பத்தான் பெற்றோர் பலர் மறக்கிறார்கள்.

கட்டணம் கட்ட முடியாவிட்டால் மறைத்துக் கடன் வாங்காமல் வீட்டில் சொல்லட்டும்.

விடுதி அறையில் பள்ளியறை இராது. முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். காலையில் திருநாமம் இட்டு அதன்முன் நின்றால் போதும். பக்கத்தில் நிழல்தாங்கல் இருந்தால் ஞாயிறு பணிவிடைக்குப் போகலாம்.