பிள்ளைகள் தலையில் யாருடைய பாரம்?



வாலிபர் வகுப்பில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரிந்ததும் ஒரு தாயார், "ஐயா, பத்தாவது படிக்கிற பிள்ளைங்க. பரீட்சை பயமே போதாதா? இதையும் சொல்லி ஏன் கலங்கடிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து பூமியைச் சூடாக்கினது பெரியவர்கள். அந்தப் பாரத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கலாமா?

ஆனால் மறைப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற சராசரி மழையே அவ்வளவு கிடையாது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், ஏறக்குறைய 800 பேர் சிக்கினார்கள். அவர்களை நம்ம மணியாச்சிக்குத்தான் பஸ்ஸில் கொண்டுவந்து, ஸ்பெஷல் ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். இது நம் பிள்ளைகள் அறியாத காரியமா? ஏன் இப்படி என்று கேட்டால், "பேசாம படி" என்பதா பதில்?

உள்ளதை உள்ளபடி, அளவோடு சொல்லவேண்டும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிகமான ஈரத்தைச் சுமக்கும். அதனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கிற வாய்ப்பு கூடுகிறது. அதற்காக எல்லா வெள்ளத்துக்கும் இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லக்கூடாது. கடைசிக்காலம் என்று மிரட்டவும் வேண்டாம். கரிசக்காட்டில் பஞ்சம் நம் தாத்தாமார் காலத்திலும் உண்டு.

இன்னொன்று. சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. "கரியை எரிக்கிறவன் பாவி" என்று நான் சொன்னால் அந்தப் பிள்ளை தன் அப்பாவைத்தான் நினைக்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் எரிக்கிற நிலக்கரி எங்கே, ஒரு கூலிக்காரரின் கரிமூட்டம் எங்கே! இந்த வித்தியாசத்தைச் சொல்லாத பாடம் அநியாயமான பாடம்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பற்றிச் சொன்னேன். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் கரியைப் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்து, சூரிய ஒளியில் இயங்கும் வண்டியை 12 வயதில் வடிவமைத்த பெண் அவர். கரிக்காரரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு வேறு வழி தேடினார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் தலைவர்கள் முன் நின்று, உங்கள் வெற்று வாக்குறுதிகளால் எங்களுக்குக் கோபம், ஆனால் கோபப்பட எங்களுக்கு நேரமில்லை என்ற கருத்தில் பேசினார். பாராட்டு குவிந்தது.

அந்தப் பாராட்டுதான் எனக்கு உறுத்துகிறது. சிறுவன் சாமுவேல் சொல்லப் பயந்த செய்தியை, மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டவன் ஏலி. கேட்டான், ஒத்துக்கொண்டான், வீட்டில் ஒன்றையும் மாற்றவில்லை. நாமும் பிள்ளையை மேடையேற்றி, "வருங்காலத் தலைவர்" என்று சால்வை போடுகிறோம். தீர்மானமெல்லாம் நம் கையில்தான். சொல் கேட்கப்படாத இடத்தில் தலைமை என்பது பட்டப்பெயர்தானே?

ஆகவே இந்த வருஷக் கன்வென்ஷன் கமிட்டியில் வாலிபப் பிள்ளைகள் இருவருக்கு இடம் கேட்டிருக்கிறேன், கைதூக்கி ஓட்டுப்போடுகிற இடம். பிளாஸ்டிக் கப் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும் என்பது அவர்களுடைய முதல் கோரிக்கை. கழுவுகிறது யார் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். "நாங்களும் கழுவுறோம், நீங்களும் வாங்க தாத்தா" என்றாள் ஒருத்தி.