மோனிக்கா இறக்கி வைத்த கூடை



சற்று முன் வாசித்த நற்செய்தியில் மணமகனுக்காகக் காத்திருந்த தோழியர் பத்துப் பேரும் தூங்கிவிட்டார்கள். முன்மதியோடு எண்ணெய் எடுத்து வந்த அந்த ஐவரும்தான் தூங்கினார்கள். கவனித்தீர்களா? "செபமாலை சொல்லும்போதே கண் செருகிவிடுகிறது சாமி" என்று என்னிடம் வருந்துகிற தாய்மார்கள் உண்டு. விடியுமுன் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தபின் முழந்தாளிடுகிற உடம்பு அது. அது அசந்துபோவதை ஆண்டவர் குற்றமாகச் சொல்லவில்லை. மணமகன் வந்த நேரத்தில் கையில் எண்ணெய் இருந்ததா என்பதுதான் கேள்வி. நள்ளிரவில் அதைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்க முடியாது.

அந்த எண்ணெய் எப்படிச் சேர்கிறது? இன்று ஆகஸ்ட் 27, புனித மோனிக்காவின் நினைவு நாள். அவருடைய வாழ்க்கையிலேயே தேடிப் பார்ப்போம்.

மோனிக்கா என்றதும் எல்லாரும் கண்ணீரைத்தான் சொல்வோம். வழிதவறிப்போன மகன் அகுஸ்தினுக்காக ஆண்டுக்கணக்கில் அழுத தாய். உண்மைதான். ஆனால் பிள்ளைக்காக அழாத தாய் எங்கே இருக்கிறார்? அவருடைய முதிர்ச்சியை நான் வேறு இடங்களில் பார்க்கிறேன்.

383-ஆம் ஆண்டு, கார்த்தேஜ் துறைமுகம். மகன் ரோமுக்குக் கப்பலேறத் துடிக்கிறார், தாய் விடவில்லை. அன்றிரவு கடற்கரைக்கு அருகில் இருந்த புனித சிப்பிரியான் நினைவாலயத்தில், 'ஆண்டவரே, என் பிள்ளை போகக் கூடாது' என்று அழுது மன்றாடுகிறார். விடிந்து பார்த்தால் கப்பல் போய்விட்டது. மகன் பொய் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பயணம்தான் அவரை மிலான் ஆயர் அம்புரோசிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தாய் கேட்டதைக் கடவுள் கொடுக்கவில்லை, எதற்காகக் கேட்டாரோ அதைக் கொடுத்தார். ஆனால் அன்று காலை அந்தக் கரையில் நின்ற தாய்க்கு இது தெரியாது. கதறினார், மகனைக் குறைசொன்னார், பிறகு வீடு திரும்பி அதே மகனுக்காக மறுபடியும் செபிக்கத் தொடங்கினார்.

மோனிக்காவின் பொறுமையைப் பேசும்போது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மோனிக்காவின் கணவர் பத்ரீசியு முன்கோபக்காரர். கணவன்மாரிடம் அடிபட்ட தழும்போடு அவர்கள் ஊர்ப் பெண்கள் பலர் நடமாடியதை அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். மோனிக்கா கோபம் தணியும்வரை பொறுத்திருந்து, பிறகு பேசுவார். இதைக் காட்டி, அடிபட்டு வந்த பெண்ணிடம் "நீயும் பொறுத்துப் போம்மா" என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு; குருக்களாகிய எங்களிடமும் இருந்திருக்கிறது. அது தவறு. பெண்ணை அடிப்பது கோழைத்தனம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' மடலில் எழுதினார். சில சூழல்களில் பிரிந்து வாழ்வது தேவையாகவே ஆகிவிடும் என்றும் எழுதினார். அடி வாங்கிக்கொண்டு இருப்பது ஆன்மீக முதிர்ச்சி அல்ல. அப்படி யாராவது இங்கே இருந்தால், திருப்பலி முடிந்ததும் வாருங்கள். பொறுத்துப் போ என்று சொல்லி அனுப்ப மாட்டேன்.

இப்போது மிலானுக்கு வருவோம். மகனைத் தேடிக் கடல் கடந்து போன மோனிக்கா, தம் ஊர் வழக்கப்படி ஒரு கூடையில் கூழும் அப்பமும் திராட்சை இரசமும் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் கல்லறைக்குப் போனார். ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகளாக அவர் பக்தியோடு செய்துவந்த காரியம் அது. வாசல்காப்பவர் தடுத்தார். ஆயர் அம்புரோஸ் அந்த வழக்கத்துக்குத் தடை விதித்திருந்தார்: கல்லறையில் குடிக்க அது வாய்ப்பாகிவிடுகிறது, பிற தெய்வ வழிபாட்டினர் இறந்தோருக்குச் செய்யும் சடங்கைப்போலவும் இருக்கிறது என்பது காரணம்.

நம்மை அந்த வாசலில் நிறுத்திப் பாருங்கள். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுதிரியுமாகப் போகிற நம்மை ஒருவர் வழிமறித்தால் என்ன செய்வோம்? 'எங்கள் அம்மா காலத்திலிருந்து செய்கிறோம், நீ யார் கேட்க' என்று சண்டைக்குப் போவோம். மோனிக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டார். அதன்பின் கூடை நிறைய எடுத்துப் போன இடத்துக்கு மனம் நிறையச் செபத்தோடு போனார். தம்மால் முடிந்ததை ஏழைகளுக்குக் கொடுத்தார். வேறு யாராவது தடுத்திருந்தால் அம்மா இவ்வளவு எளிதில் விட்டிருப்பாரோ என்னவோ என்று அகுஸ்தினாரே எழுதுகிறார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. புனிதர்களுக்கும் விட்டுக்கொடுப்பது எளிதல்ல. கெட்டதை விடுவதைவிடக் கடினம், நல்லது என்று நம்பிச் செய்ததை விடுவது. நம் நவநாள், நம் நேர்ச்சை, நாம் வழக்கமாக உட்காரும் இடம், சபையில் நாம் வகிக்கும் பொறுப்பு எல்லாமே கூடைகள்தான்.

387-ஆம் ஆண்டு பாஸ்காத் திருவிழிப்பில் அகுஸ்தின் திருமுழுக்குப் பெற்றார். ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியா துறைமுகத்தில் தாயும் மகனும் தங்கினார்கள். தோட்டத்தைப் பார்த்த ஒரு சன்னலருகே நின்று நிலைவாழ்வைப் பற்றிப் பேசினார்கள். சில நாளில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. அவருக்கு அப்போது வயது 56.

கணவர் பத்ரீசியு சாகும் முன் கிறிஸ்தவர் ஆகியிருந்தார். அவர் அருகிலேயே தாமும் புதைக்கப்பட வேண்டும் என்று சொந்த ஊரில் இடம் ஆயத்தம் செய்து வைத்திருந்தார் மோனிக்கா. பல ஆண்டு ஆசை அது. அதையும் இறக்கி வைத்தார். இந்த உடலை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைத்துக்கொண்டால் போதும் என்பதே பிள்ளைகளிடம் அவர் கேட்டது. இவ்வளவு தொலைவில் சாவது பயமாக இல்லையா என்று கேட்டவர்களிடம், கடவுளுக்கு எந்த இடமும் தொலைவில்லை என்றார். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் இறந்தார். அந்த எண்ணெய் காய்ச்சலில் படுத்த பிறகு சேர்ந்ததல்ல. கார்த்தேஜ் கரையில் கொஞ்சம், மிலான் கல்லறை வாசலில் கொஞ்சம் என்று சேர்ந்தது.

அவருடைய திருப்பண்டங்களை 1430-இல் ரோமுக்கு எடுத்துப் போனார்கள். 1945-இல் ஓஸ்தியாவில் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய சிறுவர்கள், அவருடைய கல்லறைக் கல்லின் உடைந்த துண்டைக் கண்டெடுத்தார்கள். கல் உடைந்துவிட்டது. அவர் கேட்டது மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. இன்னும் சில நிமிடங்களில் அப்பமும் இரசமும் இந்தப் பீடத்துக்கு வரும். அப்போது இங்கேயும் நடக்கும். தாயைப் பற்றி எழுதிய தம் நூலைப் படிப்பவர்கள் பீடத்தில் மோனிக்காவோடு பத்ரீசியுவையும் நினைக்க வேண்டும் என்று அகுஸ்தினார் கேட்டிருக்கிறார். இருவரையும் நினைத்து, மன்றாட எழுந்து நிற்போம்.