வெட்டி எறியாத காட்சி

எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதும் இல்லை. இப்படிப்பட்டவன் கடலுக்கடியில் படம் பிடிப்பவர்களைப் பற்றி நியாயம் பேசலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஆனால் ஒரு நண்பர் வீட்டில் பார்த்த பழைய படம் ஒன்று இரண்டு நாட்களாக என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

'மௌன உலகம்' என்பது அதன் பெயர். பிரெஞ்சுக்காரரான ழாக் கூஸ்தோவும், அப்போது 23 வயதே ஆன லூயி மாலும் சேர்ந்து எடுத்தது. 1956-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. தண்ணீருக்குள் மூச்சு விட உதவும் கருவியை 1943-இல் எமீல் கன்யான் என்ற பொறியியலாளருடன் சேர்ந்து உருவாக்கியவரும் இந்தக் கூஸ்தோதான்.

படத்தின் அழகு சொல்லி முடியாது. ஆழத்தில் எல்லாமே நீலம். சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலில் விழுங்கிவிடுகிறது. அங்கே இரத்தம்கூடப் பச்சையாகத்தான் தெரியுமாம். விளக்கைக் கொண்டுபோய் நீட்டினால்தான் பவளப் பாறை தன் சிவப்பைக் காட்டுகிறது.

ஆனால் அதே படத்தில் வேறு காட்சிகளும் இருக்கின்றன. ஒரு பவளத் திட்டில் எத்தனை வகை மீன்கள் உண்டு என்று கணக்கெடுக்க வெடி வைக்கிறார்கள். செத்த மீன்களைப் பொறுக்கிப் பரப்புகிறார்கள். ஒரு திமிங்கிலக் குட்டி அவர்கள் கப்பலின் சுழல்விசிறியில் அடிபட்டுக் கிழிகிறது. அதன் வேதனையை முடிக்கச் சுட்டுக் கொல்கிறார்கள். இரத்த வாடைக்குச் சுறாக்கள் கூடுகின்றன. உடனே இவர்களுக்குச் சுறாக்கள் மீது கோபம் வந்துவிடுகிறது! கொக்கி மாட்டி மேலே இழுத்துக் கோடரியால் வெட்டுகிறார்கள்.

"இவரையா கடலின் காவலர் என்று உலகம் கொண்டாடியது?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"ஆமாம்" என்றார் அவர் அமைதியாக. "1960-இல் அணுக்கழிவை மத்தியதரைக் கடலில் கொட்டப் போனபோது எதிர்த்து நின்றவர் இவர்தான். 1973-இல் கடலைக் காக்க ஒரு சங்கம் அமைத்தவரும் இவர்தான். அண்டார்க்டிகாவில் சுரங்கம் தோண்டக் கூடாதென்று உலகெங்கும் கையெழுத்துத் திரட்டினார். 1991-இல் அதற்கான உடன்படிக்கையும் ஏற்பட்டது."

பின்னால் செய்த புண்ணியம் முன்னால் செய்த பாவத்தைக் கழித்துவிடுமா? மளிகைக் கடைக் கணக்கைப் போல வரவும் செலவும் நேராகிவிடுமா? அந்தத் திமிங்கிலக் குட்டியைக் கேட்டால் ஆகாதென்றுதான் சொல்லும்.

அந்தக் காட்சிகளை அவர்கள் வெட்டி எறியவில்லை. அதை நேர்மை என்று சொல்லமாட்டேன். அதில் வெட்கப்பட ஏதும் இருப்பதாக அவர்களுக்கு அன்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். இன்று அதைப் பார்த்து நம் மனம் பதைக்கிறதே, இந்தப் பதைப்பை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்? கடலுக்குள் இறங்கிப் படமெடுத்து, அங்கேயும் உயிர்கள் வாழ்கின்றன என்று வீடுதோறும் காட்டியவர்கள் அல்லவா? அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கண்ணை நமக்குத் தந்தவர்களில் அவர்களும் உண்டு.

இதை எழுதும்போது என் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் தெருவில் சித்தம் கலங்கித் திரிந்த ஒரு பெண்ணை அதில் வேடிக்கைப் பொருளாக்கியிருந்தேன். படித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்; நானும் பூரித்துப் போனேன். பிறகு புத்தி வந்து, தொகுப்பு வெளியானபோது அந்தக் கதையை நீக்கிவிட்டேன். அதைப் பெரிய பிராயச்சித்தம் என்றே இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்.

அந்தப் பெண் இன்று இல்லை. கதையை நான் நீக்கியதால் அவள் பட்ட அவமானம் நீங்கிவிடவில்லை. என் சாட்சியம் மட்டும்தான் காணாமற்போயிற்று. கூஸ்தோ திரும்பத் திரும்ப அதே கடலுக்குள் விளக்கோடு இறங்கினார். நானோ கரையேறிவிட்டேன். அவளைப் போன்ற ஒருத்தியைப் பற்றி அதற்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.